கார்த்திகை தொடங்கிப் பொங்கல் வரை: வாசல் அலங்காரப் பொருட்கள், ஒரு மதிப்பீடு

கார்த்திகைத் தீபம், கிறிஸ்துமஸ், ஆங்கிலப் புத்தாண்டு, பொங்கல் ஆகிய நான்கும் ஏறத்தாழ இரண்டு மாதத்துக்குள் அடுத்தடுத்து வந்துவிடுகின்றன. அந்த இரண்டு மாதத்தில் வீட்டு வாசல் மூன்று விதமான வானிலையைச் சந்திக்கிறது. கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை முழுதாக விட்டிருக்காது. மார்கழியில் விடியற்காலைப் பனி தரையையும் இரும்புக் கம்பிகளையும் நனைத்து வைக்கும். தை பிறந்ததும் பகல் வெயில் சாயங்களை வெளுக்கத் தொடங்கும். கடையின் பளிச்சென்ற வெளிச்சத்தில் அழகாகத் தெரியும் ஒரு பொருள் இந்த மூன்றையும் தாங்குமா என்பதைக் கடைக்காரர் பெரும்பாலும் சொல்வதில்லை. பல பெட்டிகளின் மேலும் அது எழுதப்பட்டிருப்பதில்லை. கோவையில் டவுன்ஹால் சுற்றுவட்டாரக் கடைகளிலும், பூ மார்க்கெட்டிலும், சாலையோரக் குவியல்களிலும் வாங்கியவையும், இணையத்தில் வரவழைத்த சிலவும் இங்கே மதிப்பிடப்படுகின்றன. எல்லாமே எங்கள் வீட்டு வாசலிலோ உறவினர் வீடுகளிலோ பண்டிகை முழுவதும் இருந்தவை.

என் அளவுகோல் ஒன்றுதான். பொருளைத் தேர்ந்தெடுப்பதற்கு முன்னால் இடத்தைத் தீர்மானிக்க வேண்டும். மழை நேராக விழும் சுற்றுச்சுவர், சாரல் மட்டும் படும் படிக்கட்டு, நனையவே நனையாத நிலைவாசல், காற்று சுழலும் மொட்டைமாடிக் கைப்பிடிச்சுவர், ஈரம் வற்றாத செடிகளின் அடி என ஒரே வீட்டின் முகப்பில் ஐந்து விதமான இடங்கள் இருக்கின்றன. ஒன்றுக்குப் பொருந்துவது மற்றொன்றில் இரண்டு நாளில் வீணாகிவிடும். சிறிய வாசல்களுக்கு இது இன்னும் அதிகமாகப் பொருந்தும். இரண்டு படிகளும் ஒரு நிலையும் மட்டுமே உள்ள வீட்டில், தரையோரத்தில் ஒரு வெளிச்சமும் தலைக்கு மேலே ஒரு பசுமையும் இருந்தால் வாசல் நிறைந்துவிடுகிறது. அதற்கு மேல் சேர்க்கும் ஒவ்வொன்றும் முதலில் வைத்தவற்றின் அழகைக் குறைக்கவே செய்யும்.

அகல் விளக்கிலிருந்து தொடங்குகிறேன். இந்தப் பருவத்தில் வாங்கக்கூடியவற்றில் மிக மலிவானது அதுதான். நான் மிக உயர்வாக மதிப்பதும் அதைத்தான். சந்தையில் இப்போது மூன்று வகை அகல்கள் கிடைக்கின்றன. சக்கரத்தில் சுற்றி விரலால் மூக்கு இழுத்துவிட்ட பழைய வகை ஒன்று. அச்சில் அழுத்திச் செய்த, எல்லாம் ஒரே அளவில் இருக்கும் வகை மற்றொன்று. அச்சு அகலின் மேல் ஒளிரும் வண்ணமும் சரிகைத் தூளும் பூசிய வகை மூன்றாவது. வாசலுக்கு நான் பரிந்துரைப்பது முதல் வகையை. அதன் குழிவு ஆழமாக இருப்பதால் எண்ணெய் அதிகம் கொள்கிறது. மூக்கு நீண்டிருப்பதால் திரி நழுவி உள்ளே விழுவதில்லை. வாங்கும்போது இரண்டு அகல்களை மெதுவாகத் தட்டிப் பார்த்தால் நன்றாகச் சுட்டது கணீரென்று ஒலிக்கும், வேகாதது மொத்தென்று கேட்கும். சமதளத்தில் வைத்து ஆடுகிறதா என்றும் பார்த்துவிட வேண்டும். வண்ணம் பூசிய அகல்கள் பகலில் கண்ணைக் கவர்கின்றன. ஆனால் சுடர் மூக்கைச் சூடாக்கும்போது சில வகைப் பூச்சு கருகி நாற்றம் எழுப்புகிறது. அவற்றை வாங்கியே தீர வேண்டுமென்றால் மூக்கின் ஓரத்தில் பூச்சு இல்லாததாகப் பார்த்து எடுக்கலாம்.

புதிய அகலை அப்படியே ஏற்றக் கூடாது. மேட்டுப்பாளையம் சாலையோரத்தில் அகல் விற்றுக்கொண்டிருந்த மூதாட்டி ஒருவர், கேட்காமலேயே இதைச் சொல்லிக் கொடுத்தார்: "ராத்திரியே தண்ணியில போட்டு வெச்சுருங்க கண்ணு, இல்லீன்னா ஊத்தற எண்ணெயெல்லாம் அதே குடிச்சுப்போடும்." சுட்ட மண்ணின் நுண்துளைகள் நீரால் நிரம்பிவிட்டால் எண்ணெய் உள்ளே இறங்குவது பெரிதும் குறைகிறது. ஊற வைத்த அகலை எடுத்து நிழலில் மேற்பரப்பு காயும் வரை வைத்தால் போதும். வெயிலில் முறுக்கக் காய வைத்தால் ஊற வைத்த பயனே போய்விடும். அகலின் அடியில் சிறிய வாழையிலைத் துண்டு ஒன்றை இடுவதும் அவசியம். கிரானைட் படிகளில் எண்ணெய் இறங்கினால் கறை கருமையாகப் படிந்து மாதக்கணக்கில் போகாது. பண்டிகை முடிந்த மறுநாளே பச்சரிசி மாவைக் கெட்டியாகக் குழைத்து அந்த இடத்தில் அப்பி உலரவிட்டால் ஓரளவு உறிஞ்சி எடுத்துவிடும்.

எண்ணெயைப் பொறுத்தவரை நல்லெண்ணெயும் இலுப்பை எண்ணெயும் நிதானமாக, குறைந்த புகையுடன் எரிகின்றன. 'தீப எண்ணெய்' என்ற பெயரில் விற்கப்படும் கலவைகளை வாங்குவோர் குப்பியின் பின்புறத்தில் சிறிய எழுத்தில் உள்ளதைப் படித்துப் பார்க்க வேண்டும். விளக்கேற்ற மட்டுமே உரியது, உண்ணத்தக்கதன்று என்று எழுதியிருப்பார்கள்; உள்ளே என்னென்ன எண்ணெய் எந்த விகிதத்தில் கலந்திருக்கிறது என்பதைப் பலர் எழுதுவதில்லை. நான் வாங்கிய ஒரு கலவை எண்ணெய், வாசல் சுவரில் கரிக்கோடு விடும் அளவுக்குப் புகைந்தது. குழந்தைகளும் முதியவர்களும் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் மாலையில் அந்தப் புகையை நான் விரும்பவில்லை. திருவண்ணாமலையில் 2,668 அடி உயர மலையுச்சியில் மாலை 6 மணிக்கு மகாதீபம் ஏற்றப்படுவதைத் தொலைக்காட்சியில் பார்த்துவிட்டே வீட்டு விளக்கை ஏற்றும் குடும்பங்கள் ஏராளம். அங்கிருந்து கணக்கிட்டால் எட்டு மணி வரை எரிந்தால் போதும். நன்றாக நனைந்த பஞ்சுத் திரியும் நிறைந்த அகலும் அந்த நேரத்தை வசதியாகத் தாண்டுகின்றன. நூல் திரி மெல்லியதாக எரிந்து இன்னும் நெடுநேரம் தாங்கும், ஆனால் வாசலில் அடிக்கும் காற்றுக்கு அது நிற்பதில்லை.

காற்றுதான் அகலின் உண்மையான சோதனை. பழைய வீடுகளில் நிலைக்கு இருபுறமும் விளக்கு மாடங்கள் இருந்ததற்குக் காரணம் அதுவே. மாடம் இல்லாத வீடுகளில் படியின் மூலைகள், தூணின் மறைவுப் பக்கம், பெரிய மண்தொட்டிகளின் பின்புறம் ஆகியவை மாடத்தின் வேலையைச் செய்கின்றன. கண்ணாடிக் குவளை பொருத்திய விளக்குகளையும் வைத்துப் பார்த்தேன். காற்றைத் தடுப்பதில் குறையில்லை. ஆனால் சாரல் பட்டால் சூடான கண்ணாடி விரிசல் விடுகிறது. அவை கூரைக்கு அடியில் மட்டுமே ஏற்றவை. மெழுகு ஊற்றிய அகல்கள் எண்ணெய் சிந்தாத வசதியைத் தருகின்றன, காற்றில் மெழுகு ஒருபக்கமாக உருகி வழிந்துவிடும் குறையும் அவற்றுக்கு உண்டு. தண்ணீர் ஊற்றினால் எரியும் நெகிழி அகல்கள் அண்மைக் காலத்தில் நிறைய விற்பனையாகின்றன. உள்ளே இரண்டு உலோக முனைகளும் ஒரு சிறு எல்இடி விளக்கும் பட்டன் பேட்டரியும் இருக்கும். தண்ணீர் முனைகளை இணைத்ததும் விளக்கு எரியும். வேடிக்கையாகத்தான் இருக்கிறது. ஆயினும் நான் பார்த்த சில அகல்களில் பேட்டரி மூடிக்குத் திருகாணி இல்லை, நகத்தால் திறந்துவிடலாம். பட்டன் பேட்டரியைக் குழந்தை விழுங்கிவிட்டால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே உணவுக்குழாயில் கடுமையான தீப்புண் உண்டாகக்கூடும். சிறு குழந்தைகள் உள்ள வீட்டுக்கு இதை வாங்காதீர்கள் என்று உறுதியாகச் சொல்வேன்.

அடுத்து சீரியல் செட். கார்த்திகை முடிந்ததும் கிறிஸ்துமசுக்கும் புத்தாண்டுக்கும் ஊர் முழுவதும் ஏறுவது இதுவே. அலங்காரப் பொருட்களில் உயிருக்கு ஆபத்து விளைவிக்கக்கூடியதும் இதுவே என்பதால் இதைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. கடைகளில் கிடைப்பவற்றை இரண்டாகப் பிரிக்கலாம். ஒன்று, பிளக்கை நேரடியாகச் சுவரில் செருகும் வகை. இதில் ஒரு சிறு கட்டுப்பாட்டுப் பெட்டி மட்டும் நடுவில் இருக்கும், 230 வோல்ட் மின்சாரத்தின் தொடர்பு விளக்குச் சரத்தின் கம்பிகள் வரைக்கும் நேராகவே செல்லும். மெல்லிய கம்பியின் உறை எங்கேனும் கிழிந்து, ஈரமான இரும்பு கேட்டின் மேல் உரசிக்கொண்டிருந்தால் கேட்டைத் தொடுபவர் நிலை என்னவாகும் என்று சொல்லத் தேவையில்லை. மற்றொன்று, அடாப்டர் மூலம் மின்னழுத்தத்தை 5, 12 அல்லது 24 வோல்ட்டாகக் குறைத்து வெளியே அனுப்பும் வகை. இதன் விலை பெரும்பாலும் முதல் வகையைவிடக் கூடுதல். அந்தக் கூடுதல் தொகையைக் கொடுத்து இரண்டாவது வகையையே திறந்தவெளிக்கு வாங்க வேண்டும். அடாப்டரை வீட்டுக்குள் ஒரு பிளக்கில் செருகி, சன்னல் வழியாகக் குறைந்த மின்னழுத்தக் கம்பியை மட்டும் வெளியே கொண்டுவருவது மிகப் பாதுகாப்பான ஏற்பாடு.

பெட்டியின் மேல் 'ஐபி' என்ற எழுத்துகளுக்குப் பின் இரண்டு இலக்கங்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள். இரண்டாவது இலக்கமே நீர்க் காப்பைக் குறிக்கிறது. ஐபி20 என்றால் நீருக்கு எதிராக எந்தக் காப்பும் இல்லை. ஐபி44 என்றால் எத்திசையிலிருந்து நீர் தெறித்தாலும் தாங்கும். ஐபி65 என்றால் தூசு புகாது, குழாயிலிருந்து பீய்ச்சும் நீரையும் தாங்கும். போர்ட்டிகோவுக்கு 44 போதும். சுற்றுச்சுவருக்கும் மரத்துக்கும் 65 இருந்தால் நிம்மதி. எதுவுமே அச்சிடப்படாத பெட்டியை 'வாட்டர் புரூஃப்தாங்க' என்ற வாய்மொழியை நம்பி வாங்கக் கூடாது. எல்இடி சரவிளக்குகள் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் கட்டாயப் பதிவுத் திட்டத்துக்கு உட்பட்டவை. பதிவு எண் பெட்டியின் மேலோ பொருளின் மேலோ இருக்க வேண்டும். சந்தையில் குவியலாக விற்கப்படும் பல சரங்களில் அதைத் தேடினாலும் காண முடியவில்லை. சரத்தை அளந்து வாங்குவதும் நல்லது: சுவரின் நீளத்தோடு, வளைத்துத் தொங்கவிட ஒரு பங்கு கூடுதலாகவும், பிளக்கிலிருந்து முதல் விளக்கு வரை உள்ள வெற்றுக் கம்பியின் நீளமும் தெரிந்திருக்க வேண்டும். அந்த வெற்றுக் கம்பி மிகக் குட்டையாக இருப்பதால்தான் பலர் எக்ஸ்டென்ஷன் பெட்டியை வாசலுக்கே இழுத்துவந்து தரையில் போடுகிறார்கள். அந்தப் பெட்டியை எப்போதும் தரைக்கு மேலே, கூரையின் கீழ் மாட்ட வேண்டும். கம்பி பிளக்கை அடைவதற்கு முன் சற்றுத் தாழ்ந்து தொங்கி மேலேறும்படி விட்டால், அதன் வழியாக வழியும் மழைநீர் தாழ்ந்த இடத்திலேயே சொட்டிவிடும், பிளக்குக்குள் இறங்காது. பாலித்தீன் பையால் இணைப்புகளைச் சுற்றிக் கட்டும் வழக்கம் தீங்கானது, உள்ளே புகுந்த ஈரம் வெளியேற வழியில்லாமல் தங்கிவிடும். வீட்டின் மெயின் போர்டில் 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்சிசிபி இருந்து, அது சோதனைப் பொத்தானை அழுத்தும்போது உடனே விழுகிறதா என்று பார்த்த பிறகே வெளிவிளக்குகளைப் போடுங்கள்.

மின்செலவு கவலைக்குரியதன்று. எட்டு வாட் சரம் ஒன்றை நாளுக்கு ஆறு மணி நேரம் எரித்தால் இருபது நாளுக்கு ஒரு யூனிட்டுக்கும் சற்றுக் குறைவாகவே ஆகும். நிறத்தைத் தேர்ந்தெடுப்பதில்தான் பலருடைய வாசல்கள் கெடுகின்றன. நீலமும் குளிர்ந்த வெள்ளையும் கண்ணைக் கூசச் செய்வதோடு, மழைக்குப் பின் ஈசல்களையும் அதிகமாக ஈர்க்கின்றன. மஞ்சள் கலந்த வெதுவெள்ளை நிறம், பெட்டியில் 2,700 அல்லது 3,000 கெல்வின் என்று குறிக்கப்படுவது, அகல் விளக்கின் ஒளியோடு ஒத்துப்போகிறது, செங்கல் சுவரையும் செடியின் பச்சையையும் இயல்பாகக் காட்டுகிறது. எட்டு விதமாக மின்னும் வசதி பல செட்டுகளில் உண்டு. ஆனால் எதிர்வீட்டுப் படுக்கையறைச் சுவரில் இரவு முழுதும் வெளிச்சம் துடித்துக்கொண்டிருப்பது நல்ல அண்டைவீட்டார் செய்யும் செயலன்று. நிலையாக எரியும்படி வைத்துவிட்டு, இரவு பதினோரு மணிக்கு அணைத்துவிடுவதே முறை. மரத்தில் சுற்றுவோர், பறவைகள் அடையும் மரத்தை விட்டுவிடுங்கள். இளம் மரத்தின் தண்டைச் சுற்றி இறுக்கமாகக் கட்டிய கம்பியைப் பண்டிகை முடிந்ததும் மறக்காமல் அவிழ்த்துவிடுங்கள். மரம் பருக்கும்போது கம்பி பட்டைக்குள் புதைந்து மரத்தையே நெரித்துவிடும்.

தோட்டத்தில் குத்திவைக்கும் சோலார் விளக்குகளைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கோடையில் அருமையாக எரியும் இவை, மேகம் மூடிய கார்த்திகை நாட்களில் பாதி இரவு கூட எரிவதில்லை. வாங்குவதானால் உள்ளே இருப்பது கழற்றி மாற்றக்கூடிய 1.2 வோல்ட் ரீசார்ஜ் பேட்டரியா என்று மட்டும் பாருங்கள். அப்படியிருந்தால் அடுத்த ஆண்டும் பயன்படும்.

நட்சத்திரம் எனக்கு மிகவும் பிடித்த பொருள். டிசம்பர் பிறந்ததும் கிறிஸ்தவர் வீட்டு முகப்பில் அது ஏறிவிடும். எங்கள் தெருவில் அதைப் பார்த்த பிறகே கிறிஸ்துமஸ் நெருங்கிவிட்டது என்ற எண்ணம் எல்லோருக்கும் வருகிறது. ஜெர்மனியின் ஹெர்ன்ஹட் ஊர் நட்சத்திரம் உலகப் புகழ்பெற்றது. 19-ஆம் நூற்றாண்டில் மொரேவியத் திருச்சபையினரின் பள்ளியில் வடிவியல் பாடத்துக்காகச் செய்யப்பட்டதிலிருந்து வளர்ந்தது என்று அதன் வரலாறு சொல்கிறது. அதற்கு முனைகள் 25. நம் கடைகளில் அதிகம் கிடைப்பது ஐந்து முனை கொண்ட, மடித்து விரிக்கும் தடித்த அட்டை நட்சத்திரம். துளைகளின் வழியே ஒளி சிதறும் அந்த அட்டை நட்சத்திரம் கூரையின் கீழ் தொங்கினால் ஒரு மாதம் தாராளமாகத் தாங்குகிறது. சாரல் பட்டால் ஒட்டிய ஓரங்கள் பிரிந்துவிடும். பிளாஸ்டிக் நட்சத்திரம் மழையைத் தாங்கும், ஆனால் ஒளி தட்டையாக இருக்கும், மூங்கில் சிம்பும் வண்ணத்தாளும் கொண்டு வீட்டிலேயே கட்டும் நட்சத்திரத்தின் மென்மை அதில் வருவதில்லை. மூங்கில் சட்டம் கட்டித் தரும் கைவினைஞர் உங்கள் ஊரில் இருந்தால் அவரிடமே வாங்குங்கள். தாள் கிழிந்தாலும் சட்டம் பல ஆண்டுகள் உழைக்கும், ஆண்டுதோறும் புதுத் தாள் ஒட்டினால் போதும். எந்த வகையாயினும் உள்ளே பழைய குண்டு பல்பைப் போடக் கூடாது. அதன் சூட்டில் தாள் பழுத்துக் கருகும், தீப்பிடிக்கவும் கூடும். ஐந்து முதல் ஒன்பது வாட் வரையிலான எல்இடி பல்பு ஒன்று போதும். ஹோல்டரின் வாய் கீழ்நோக்கி இருக்கும்படி தொங்கவிட்டால் மேலிருந்து சொட்டும் நீர் உள்ளே தேங்காது. தொங்கும் எடையை மின்கம்பி தாங்கக் கூடாது. தனியே ஒரு கயிறு கட்டி அதில் எடையை விட வேண்டும்.

கோலப் பொருட்களில் விலைக்கும் தரத்துக்கும் தொடர்பே இல்லை என்பது என் கணிப்பு. வெண்கல்லை அரைத்த கோலமாவு விரலிடையிலிருந்து சீராக இறங்கும். சாலையை ஒட்டிய வாசலுக்கு அது போதும். பச்சரிசி மாவு எறும்புக்கும் குருவிக்கும் உணவாகும் என்பதால் அதில் சற்றுக் கலந்துகொள்வோர் உண்டு. நானும் அதை ஆதரிக்கிறேன். கூரையுள்ள போர்ட்டிகோவுக்கு ஊறவைத்து மையாக அரைத்த பச்சரிசியில் துணி நனைத்து இடும் மாக்கோலத்துக்கு இணையாக எதையும் கடையில் வாங்க முடியாது. காய்ந்தபின் பல நாள் நிற்கும், காவி பூசி ஓரம் கட்டினால் முகப்பு முழுதும் எடுப்பாகிவிடும். வண்ணப்பொடிகளில் சில, ஈரம் பட்டவுடன் சாயத்தை இறக்கி வெள்ளை டைல்ஸைக் கறையாக்குகின்றன. வாங்கும் இடத்திலேயே ஒரு சிட்டிகையை ஈர விரலில் தேய்த்துப் பார்ப்பது நல்லது, கழுவியதும் விரல் வெளுத்துவிட்டால் வாங்கலாம். ஒட்டும் கோலத் தாள்களை நான் பரிந்துரைக்கவில்லை. மார்கழிப் பனியில் அதன் மேற்பரப்பு வழுக்குகிறது, வயதானவர்கள் கால் வைக்கும் இடத்தில் அது ஆபத்து. ஓரம் உரிந்து அழுக்கு சேர்ந்தபின் பிசினைச் சுரண்டி எடுப்பதும் கடினம். மார்கழிக் கோலத்தின் நடுவே சாணிப்பிள்ளையாரில் செருகும் பூசணிப் பூவுக்கு மட்டும் மாற்றே இல்லை. நகரத்தில் அது கிடைப்பது அரிதாகிவிட்டது என்பதால், இடமுள்ளவர்கள் ஆடியிலோ ஆவணியிலோ வேலியோரத்தில் நான்கு பூசணி விதை ஊன்றிவிடுவது நல்ல யோசனை.

தோரணத்துக்கு வருவோம். மாவிலைத் தோரணம் கட்டிய மூன்றாம் நாளில் சுருளத் தொடங்கும். காய்ந்த இலை அழுகாமல் மொறமொறவென்று நிற்பதால் ஒரு வாரம் வரை அவிழ்க்கத் தேவையில்லை. ஊசி நூலில் கோப்பதைவிட, காம்பை மடித்துச் சணல் கயிற்றின் மேல் செருகிக் கட்டினால் காற்றில் இலை கிழிவதில்லை. குருத்தோலைத் தோரணம் கிளி, மீன், நட்சத்திரம் என்று மடிக்கத் தெரிந்தவர் கையில் பேரழகு பெறுகிறது. திருவிழாவுக்குக் கட்டும் பூக்கடைக்காரர்களிடம் முதல்நாள் சொல்லி வைத்தால் செய்து தருகிறார்கள். நேர் வெயில் படாத இடத்தில் இரண்டு மூன்று நாள் நிறம் மாறாது. நெகிழி மாவிலைகளை ஒருமுறை வாங்கினால் பல ஆண்டுக்கு ஆகும் என்று விற்கிறார்கள். வெயில் படும் நிலையில் சில மாதங்களிலேயே பச்சை நீலம்பாரித்துப் போகிறது, இடுக்குகளில் தூசும் சிலந்தி வலையும் சேர்கின்றன. துணியும் மணியும் கோத்த தோரணங்கள் அதைவிட மேல். அவற்றைத் துவைக்க முடியும், நனையாத நிலைக்கு ஏற்றவை.

இந்தப் பருவத்தின் மிகச் சிறந்த வாசல் அலங்காரம் எதுவென்று கேட்டால், கொங்கு நாட்டில் போகியன்று கட்டும் காப்புக் கொத்து என்று தயங்காமல் சொல்வேன். பூளைப்பூ, ஆவாரம்பூ, வேப்பிலை ஆகிய மூன்றையும் சேர்த்துச் சிறு கொத்தாகக் கட்டி, வீட்டின் முகப்பிலும், கேட்டிலும், மாட்டுத் தொழுவத்திலும், வயலின் ஓரத்திலும், வண்டியிலும் செருகுவது இங்குள்ள வழக்கம். வெள்ளை, மஞ்சள், பச்சை என்ற மூன்று நிறமும் எந்தச் சுவரின் மேலும் தெளிவாகத் தெரிகின்றன. பூளைப்பூ காய்ந்த பிறகும் தன் வெண்மையை இழப்பதில்லை என்பதால், ஆவாரம்பூ வாடி உதிர்ந்த பின்னும் கொத்து களையிழந்து தெரிவதில்லை. மின்சாரம் தேவையில்லை, ஆணி தேவையில்லை, மழை வந்தாலும் கெடுவதற்கு ஒன்றுமில்லை, கழற்றியதைச் செடியின் அடியிலேயே போட்டுவிடலாம். போகிக்கு முந்தைய நாள் பூ மார்க்கெட்டிலும் உழவர் சந்தை வாசல்களிலும் கிராமங்களிலிருந்து கொண்டுவந்து குவிக்கிறார்கள். முந்தின நாள் மாலையில் வாங்குவதே நல்லது, ஏனென்றால் போகியன்று காலையில் விலை ஏறுவதோடு, வேப்பிலை மட்டும் நிறைய வைத்துப் பூளையைக் குறைத்துக் கட்டிய கொத்துகளே மிஞ்சியிருக்கும். கட்டைப் பிரித்துப் பார்த்து, பூளையின் கதிர்கள் உதிராமல் அடர்த்தியாக இருப்பதை எடுங்கள். கொங்குப் பகுதிக்கு வெளியே உள்ளவர்களும் இதைத் தங்கள் வாசலில் வைத்துப் பார்க்க வேண்டும் என்பது என் விருப்பம். பூளையும் ஆவாரையும் தமிழ்நாட்டின் வறண்ட நிலங்கள் எங்கும் தாமாகவே வளர்பவை.

பொங்கலுக்கான கரும்பைப் பற்றி ஒரு சொல். தோகையோடு கூடிய இரண்டு கரும்புகளைக் கேட்டின் இருபுறமும் நிறுத்தித் தோகையை மேலே இணைத்துக் கட்டினால் அதுவே வளைவாகிவிடும், தனியாக வளைவு வாங்க வேண்டியதில்லை. கருஞ்சிவப்புத் தோல் மினுங்கும், கணுக்களுக்கு இடையே நீளம் உள்ள, அடியில் வெட்டுவாய் சிவந்து பழுக்காத கரும்பாகத் தேர்ந்தெடுங்கள். அடிப்பகுதியை ஈர மண் நிரப்பிய வாளியில் நிறுத்தினால் தோகை மாட்டுப் பொங்கல் வரை துவளாது. கரும்பைச் சாய்த்து வைப்பது மட்டும் போதாது. கழுத்தளவில் கேட்டோடு சேர்த்து ஒரு கட்டுக் கட்டாவிட்டால் காற்றில் சரிந்து வருவோர் மேல் விழும். மஞ்சள் கொத்தை அதே கட்டில் சேர்த்துக் கட்டலாம்.

எடுத்து வைப்பதில் காட்டும் கவனம், அடுத்த ஆண்டு எவ்வளவு வாங்க வேண்டியிருக்கும் என்பதை முடிவு செய்கிறது. சீரியல் சரத்தை நன்றாக உலர்த்தி, ஓர் அட்டைத் துண்டின் மேல் சிக்கலின்றிச் சுற்றி, அதன் அடாப்டரோடு சேர்த்து ஒரே பையில் வைத்து, எந்த இடத்துக்கு எத்தனை மீட்டர் என்று எழுதி ஒட்டிவிட வேண்டும். எலி கடித்த கம்பியை டேப் சுற்றிச் சரிசெய்து மீண்டும் வெளியே போடக் கூடாது. அதைக் கழித்துவிட்டு, மின்கழிவைப் பெற்றுக்கொள்ளும் இடத்தில் கொடுத்துவிட வேண்டும். அட்டை நட்சத்திரத்தை மடிப்பின்படியே மடித்து நாளிதழ்த் தாளில் சுற்றி, பரணில் மேல்தட்டில் வைக்கலாம். அகல்களை வெந்நீரில் சீயக்காய்த் தூள் போட்டு ஊறவைத்து, தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவி, இரண்டு நாள் வெயிலில் காயவைத்து அடுக்கினால் பூஞ்சணம் பிடிக்காது. ஏற்கெனவே எண்ணெய் ஏறிய அகல் அடுத்த கார்த்திகையில் எண்ணெய் குடிப்பதும் இல்லை, உடையாத வரை புதிது வாங்க வேண்டியதும் இல்லை.